பங்குக் கிணற்றில் கம்பெனி எஞ்சின்

சாந்தன்பாறைக்குப் புறப்படும் தம்பிமார்களே, உங்களில் இரண்டு பேர் என்னைவிட மூத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ரிட்டயர்டு ஆனவனுக்கு அந்த உரிமை உண்டு. இருபத்தெட்டு வயதில் ரிட்டயர்டு ஆன ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் என்பதால், பொறாமைப்படுகிறவர்கள் பட்டுக்கொள்ளலாம். கம்பெனி என்னைத் துரத்தவில்லை. எண்ணெய்க் கம்பெனியில் இருந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருப்பதைவிட, வெளியே வந்து எஞ்சினைப் பிரித்துப் பிழைக்கலாம் என்று தோன்றியது. வந்துவிட்டேன். பஸ் நிற்கும் இடத்தில் ரிப்பேர் கடை. நீங்கள் ஊருக்கு ஊர் எஞ்சின் கொடுக்கக் கொடுக்க என் கடையில் கூட்டம் கூடும். நன்றாகக் கொடுங்கள்.

என் படிப்பைப் பற்றி விசாரிக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு ரொம்பப் பிடித்துப்போய் அதிலேயே மூன்று வருஷம் தங்கியவன் நான். கம்பெனி ஜீப்பைக் கழுவுகிற வேலைக்கு வந்தேன். வாய் சும்மா இருக்காது என்பதைப் பார்த்து, ஊர்க்காரர்களோடு பேசுவதற்கென்று என்னை ஃபீல்டு ஆளாக ஆக்கினார்கள். அந்த ஃபீல்டில் நான் பார்த்ததை உங்களுக்காக எழுதித் தரும்படி நம் ஆபீசர் கேட்டார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், உங்களுக்கும் அவர்தான் ஆபீசர். “தமாஷ் எழுதாதே கேட்டியா, உபயோகமா எழுது” என்றார். முயற்சி செய்கிறேன்.

சாந்தன்பாறையில் ஏலத்தோட்ட லயங்களில் குடியிருக்கும் கூலிக்காரர்களுக்கும் பக்கத்தில் குடியேறிய விவசாயிகளுக்கும் தண்ணீருக்குப் போகிற வழியில் தகராறு. மண்டை உடைந்திருக்கிறது. கம்பெனி அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுக்கப் போகிறது. நீங்கள் சிமெண்டோடு போகிறீர்கள். போவதற்கு முன்னால் வடகரப்பதிப் பக்கம் நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அங்கே விவசாய நிலத்தைத்தான் காடு என்பார்கள். அந்தக் காட்டில் மேல்காடு, கீழ்காடு என்று இரண்டு பாகம். ஒரே தாத்தாவின் பேரன்கள், பங்காளிகள். நடுவில் ஒரு பங்குக் கிணறு. பாகம் பிரித்த நாளிலிருந்து விடியற்காலை முதல் உச்சி வரை மேல்காட்டு முறை, உச்சி முதல் இருட்டும் வரை கீழ்காட்டு முறை. மாடு பூட்டிக் கவலையில், அதாவது தோல் சாலில், தண்ணீர் இறைப்பார்கள். எண்ணெய் டிப்போ கட்டுவதற்காக நம் கம்பெனி மேல்காட்டு நாச்சிமுத்துவிடம் ஒரு மேட்டு நிலம் வாங்கியது. வாங்கிய கையோடு நாலு பக்கமும் கம்பி வேலி போட்டது. அந்த வேலிக்குள் கீழ்காட்டுக்காரர்களின் வண்டித்தடம் மாட்டிக்கொண்டது. எரு வண்டி ஊரைச் சுற்றி வர வேண்டியதாயிற்று.

கீழ்காட்டுக்காரர்கள் கம்பெனியை என்ன செய்ய முடியும்? நாச்சிமுத்துவைக் கேட்டார்கள். பேச்சு கைகலப்பாயிற்று. கீழ்காட்டில் மயிலாத்தா என்று ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு வலது கை முறிந்தது. அது சரியாகக் கூடவில்லை. மனுஷன் மாட்டைப் பிடிக்க முடியாமல் கட்டிலோடு உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் மயிலாத்தா தனியாளாக நின்று சின்ன வெங்காயம் போட்டிருந்தார். அந்த வீட்டுக்கு அந்த வெங்காயத்தை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

நம் டேங்கர் லாரி அந்த வழியாகப் போனால் கல் விழுந்தது. மேல்காடு எறிந்ததா, கீழ்காடு எறிந்ததா என்று லாரிக்குத் தெரியாது. கொச்சி ஆபீஸ் யோசித்து, ஊருக்கு நல்லது செய்வோம், கோபம் தணியும் என்று முடிவு செய்து ஒரு ஆயில் எஞ்சினை அனுப்பி வைத்தது. பச்சைப் பெயிண்ட், மேலே கம்பெனியின் பெயர். எனக்கு எஞ்சின் என்றால் உயிர். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி முன்னால் நடந்து போனேன்.

ஆபீசர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். “எஞ்சின் ரெண்டு பேருக்கும் பொது. பழைய முறைதான். உச்சி வரைக்கும் அவா, அப்பறம் நீங்க. ரெண்டு பேருக்கும் சமமா நேரம். இதிலே யாருக்கும் பரிபவம் வரப்படாது.”

யாருக்கும் மனக்குறை வரவில்லை. மயிலாத்தா மட்டும் எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஏந் தம்பி, இது வெசையா எறைக்குமா?”

“அக்கா, உங்க மாடு ஒரு கொட்டாவி உட்டு முடிக்கறதுக்குள்ள பாத்தி நெறஞ்சிரும்.”

“அப்பக் கெணறு?”

“கெணறு எங்கக்கா போகும்? காலா இருக்குது அதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். மயிலாத்தா சிரிக்கவில்லை. அவர் கேட்டதுதான் அன்றைக்கு அங்கே பேசப்பட்ட ஒரே விவரமான பேச்சு என்று புரிவதற்கு எங்களுக்கு இரண்டு மூன்று நாள் ஆயிற்று.

கொச்சியிலிருந்து மேனேஜர் வந்து எஞ்சினைக் கிளப்பித் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. அவர் வருகை தள்ளிப் போனது. வெயில் தள்ளிப் போகவில்லை. பயிர் காய்கிறது, அதுவரைக்கும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று ஆபீசர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் டீசல் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறேன். கிணற்று மேட்டில் கூட்டம். மயிலாத்தா கிணற்று ஓரத்தில் மண்வெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய அண்ணன் கடப்பாரையோடு நிற்கிறார். தங்கச்சி வீட்டுக்காரரின் கை முறிந்த நாளிலிருந்தே ஒரு காரணத்துக்காகக் காத்திருந்தவர் அவர். எதிரே நாச்சிமுத்து, பின்னால் மேல்காட்டு ஆட்கள், கையில் தடிகள். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தவளைகள் சேற்றில் குந்தியிருந்தன.

நடந்தது இதுதான். மாடு இறைக்கும்போது கிணறு தானாக நிதானமாக ஊறிக்கொண்டே இருக்கும். மாடு களைத்து நிற்கிற நேரத்தில், இறைத்த தண்ணீரை ஊற்று ஈடுகட்டிவிடும். உச்சிக்கு அடுத்தவர் வரும்போது அவருக்கும் தண்ணீர் இருக்கும். எஞ்சினுக்குக் களைப்பு ஏது? காலையிலேயே பாறை தெரிய உறிஞ்சிவிடும். மேல்காட்டு முறை முடியும்போது கீழ்காட்டுக்கு மிச்சம் சேறு. நாங்கள் நேரத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தோம். தண்ணீரை யாரும் பிரிக்கவில்லை.

நாச்சிமுத்துவின் குரல் உயர்ந்திருந்தது. “என்ற முறையிலதான் எறைச்சேன். உச்சிக்கு முன்னாலயே நிறுத்திப்போட்டேன். நேரத்தத் தாண்டியிருந்தா என்ற கைய வெட்டுங்க!”

“வெட்டறதுக்குத்தான வந்திருக்கறோம்” என்றார் அண்ணன்.

“அண்ணா, நீ சும்மா இரு.” மயிலாத்தா எழுந்தார். நாச்சிமுத்து அவர் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். “ஏனுங் மாமா, நீங்க நேரம் தாண்டுலீங்க, நா ஒத்துக்கறேன். ஆனா நேரத்தையா பாத்தியில கட்டறது? வெங்காயம் காய் புடிக்கற நேரமுங்க. இன்னும் ரெண்டு முறை தண்ணி காட்டுலீன்னா ஓலை மட்டுந்தான் மிஞ்சும். அதைத் தின்னுட்டு நாங்க எப்படிங்க இருக்கறது?”

நாச்சிமுத்து தடியை இறுக்கிப் பிடித்தார். பின்னால் இருந்தவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அண்ணன் கடப்பாரையை எஞ்சின் மேல் ஓங்கினார். அது எஞ்சின் மேல் விழுந்தாலும் சரி, பக்கத்தில் நிற்கிறவன் மேல் விழுந்தாலும் சரி, அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் யாரோடும் பேசப் போவதில்லை.

யார் பக்கம் நியாயம் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை உருவினேன். கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஹேண்டிலைக் கிணற்றுக்கு நேராக நீட்டினேன்.

“யாராச்சும் ஒரு அடி வெச்சீங்கன்னா இது உள்ள போயிருமுங்க. அப்பறம் செத்த எஞ்சினை அடிக்கறதுல என்னங்க பெருமை இருக்குது?”

“டேய் கம்பெனிக்காரா, ஹேண்டிலக் குடுடா” என்றார் நாச்சிமுத்து.

“குடுக்கறேனுங்க. யாருகிட்டக் குடுக்கறதுன்னு ரெண்டு பக்கமும் சேந்து சொல்லுங்க.”

“ஏண்டா, இது என்ன உங்கப்பன் ஊட்டு எஞ்சினா?” என்றார் அண்ணன்.

“எங்கப்பன் ஊட்டுதா இருந்தா இந்நேரத்துக்கு அடகுக்கடையில இருக்குமுங்க.”

மேல்காட்டுப் பக்கம் யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். சிரித்தவனை நாச்சிமுத்து முறைத்தார். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் என்னைத் திட்ட ஆரம்பித்தது. என் குலம், கோத்திரம், நான் எட்டாம் வகுப்பில் குடித்தனம் இருந்தது, எல்லாம் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு மேல்காடும் கீழ்காடும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். ஒரு பக்கம் ஒரு வசவை விட்டால் மறுபக்கம் அதை முடித்து வைத்தது. நான் விளிம்பை விட்டு நகரவில்லை. கடப்பாரை மெல்லத் தரைக்கு இறங்கியது.

தம்பிமார்களே, நெருக்கடியில் உங்களை யாரும் நீதிபதியாக உட்காரச் சொல்லவில்லை. திரும்ப எடுக்க முடியாத ஒரு காரியம் நடக்கப் போகிறது என்றால், அதை மட்டும் நடக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக நீங்கள் கொஞ்சம் கோமாளியாக வேண்டியிருந்தால் ஆகுங்கள். கம்பெனி அதற்குத் தனிச் சம்பளம் தராது.

கூட்டத்தில் நின்ற டீக்கடைக்காரர் பஸ் கண்டக்டரிடம் ஆபீசருக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். ஜீப் வரும்வரை நான் வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மயிலாத்தா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

“குடிச்சுப்போட்டு உக்காரு. மயங்கி உள்ள உழுந்து இருக்கற சேத்தையும் கெடுத்துறாத.”

ஆபீசர் வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கிணற்றைப் பார்த்தார். பிறகு மயிலாத்தாவிடம், “நாங்க நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணினோம். இப்ப என்ன பண்ணினா தேவலை, சொல்லுங்கோ” என்றார்.

“எஞ்சினு இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டுமுங்க. மொதல்ல அந்த வேலியப் பிரிங்க. காலை மிதிச்சுட்டே கையப் புடிச்சுக் குலுக்கறீங்களே சாமி, நாங்க எந்தப் பக்கம் சந்தோசப்படறது?”

ஆபீசர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். “நிலம் அவர் வித்ததாக்கும். தடமும் அதிலே அடங்கினதுன்னு...”

நாச்சிமுத்து தடியைக் கீழே ஊன்றினார். “நா காட்டைத்தானுங்க வித்தேன். தடத்த வித்தேன்னு யாரு சொன்னது? உங்க அளவுக்காரரு கயிறப் புடிச்சு நேரா இழுத்தாரு. நேரா இருந்தா அழகா இருக்குதுன்னாரு.”

“அதை அப்பவே சொல்லப்படாதா?”

“நீங்க கேட்டீங்களா? வேலி போட்ட மறுநாளு இவிங்க வந்து என்ற சட்டையப் புடிச்சாங்க. சட்டையப் புடிச்சவனுக்கு எவன் வெளக்கஞ் சொல்லுவான்?”

மயிலாத்தா அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு கை முறிந்தது, ஒரு குடும்பம் நொடிந்தது, லாரிக்கு லாரி கல் விழுந்தது. எல்லாம் எங்கள் அளவுக்காரருக்கு நேர்க்கோடு பிடித்த காரணத்தால். இதை எங்களில் ஒருத்தர்கூட அதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டோம்.

வேலியைத் தொட வேண்டுமென்றால் கொச்சியில் உத்தரவு வாங்க வேண்டும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆபீசருக்கு நன்றாகவே தெரியும். அவர் ஜீப்பைக் காட்டி என்னைப் பார்த்துக் கத்தினார்.

“டேய், அந்தக் கட்டிங் பிளேயரை எடுத்துண்டு வா.”

“சார், கொச்சி?” என்றேன்.

“கொச்சிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வேலை போனாப் போகட்டும். கல்பாத்தியிலே ஆத்தங்கரை இருக்கு, போய் உக்காந்துக்கறேன்.”

நான் கம்பியை வெட்டினேன். இரண்டு கல்தூணைப் பிடுங்கியது கடப்பாரையோடு வந்த அண்ணன்தான். கடப்பாரைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

பிறகு தண்ணீருக்கு வந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறையை மாற்றிக்கொள்ளலாமே என்றார் ஆபீசர். இரண்டு பக்கமும் ஒரே குரலில் முடியாது என்றது. பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஆபீசர் வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன், அதிசயம்தான். அவர்களே பேசினார்கள். கிணற்றுச் சுவரில் இறங்குவதற்கு நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள் உண்டு. அதில் விளிம்பு உடைந்து மூளியான கல் ஒன்று. தண்ணீர் இறங்கி அந்தக் கல் தெரிந்ததும் மேல்காடு நிறுத்திவிட வேண்டும். உச்சிக்குள் ஊறுவதும் சேர்ந்து மிச்சம் கீழ்காட்டுக்கு.

“நிறுத்தறாங்களான்னு ஆரு பாக்கறது?” என்றார் மயிலாத்தா.

“அப்ப என்னைய நம்ப மாட்டியா அம்முணி?”

“நம்பறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங் மாமா. உங்க முறைக்கு எங்காளு வந்து எஞ்சினைக் கெளப்பட்டும். எங்க முறைக்கு உங்காளு வந்து கெளப்பட்டும். கெளப்பறவங்களே பக்கத்துல உக்காந்து நிறுத்திப்போட்டு, ஹேண்டில எடுத்துட்டுப் போகட்டும்.”

நாச்சிமுத்து தாடையைத் தடவினார். “சரி, அப்படியே ஆகட்டும்” என்றார்.

இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கொச்சியில் மேஜை போட்டு உட்கார்ந்தாலும் யாரும் செய்திருக்க முடியாது. எதிரியை நம்ப வேண்டியதில்லை, தினமும் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். வெங்காயத் தாள் மறுபடி நிமிர ஆரம்பித்தது.

அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் வந்து சேர்ந்தார். அவருடைய காருக்கு முன்னால், வெட்டிய வேலி வழியாக, மயிலாத்தா வீட்டு எரு வண்டி அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. இறங்கியதும் மேனேஜர் வேலியைப் பார்த்தார், ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் ஒரு தென்னை மரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை, போட்டோக்காரர், கூட்டம், எல்லாம் இருந்தது. குழாயில் தண்ணீர் நன்றாகக் கொட்ட வேண்டும், கொட்டும்போது மேனேஜர் அதில் கை வைத்திருக்க வேண்டும், வெயில் சரியாக விழும்வரை ஓட வேண்டும் என்று போட்டோக்காரர் திட்டம் போட்டிருந்தார். அவர் திட்டப்படி ஓடினால் மூளிக்கல்லைத் தாண்டிப் பாறை தெரிந்துவிடும். அது மேல்காட்டு முறை நேரம். அதனால் ஹேண்டில் மயிலாத்தாவின் கையில் இருந்தது. மேனேஜர் சிரித்த முகத்தோடு அவரிடம் கையை நீட்டினார்.

மயிலாத்தா கொடுக்கவில்லை. “ஏனுங் சாமி, இந்தக் கெணத்துல உங்களுக்குப் பங்கு இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

மேனேஜருக்கு நம் தமிழ் அரைகுறைதான். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். கொஞ்சம் சர்க்கரை தடவிச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தம்பிமார்களே, இப்படி ஒரு நொடி உங்களுக்கும் வரும். அப்போது சர்க்கரை தடவாதீர்கள். கேட்டதைக் கேட்டபடியே மலையாளத்தில் சொன்னேன்.

மேனேஜர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “இல்லா” என்றார்.

“அப்படீன்னா அங்க நெழல்ல நில்லுங்க சாமி. வெயிலு ஏறுது.”

நின்றார். மாலையோடு, போட்டோக்காரரோடு, வேப்பமர நிழலில் நின்றார். மயிலாத்தா எஞ்சினைக் கிளப்பினார். நாச்சிமுத்து மண்வெட்டியோடு வாய்க்காலில் மடை திருப்பினார். மூளிக்கல் தெரிந்ததும் மயிலாத்தா நிறுத்திவிட்டார். போட்டோக்காரருக்கு வெயில் அதுவரை சரியாக விழவில்லை. எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஹேண்டிலை நாச்சிமுத்துவின் கையிலேயே கொடுத்துவிட்டு மயிலாத்தா தன் பாத்திக்குப் போய்விட்டார். மேல்காட்டில் இன்னும் இரண்டு பாத்தி நனையாமல் இருந்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்தார், கையில் இருந்த ஹேண்டிலைப் பார்த்தார், மடையை அடைத்தார்.

மேனேஜர் காரில் ஏறிக் கிளம்பினார். வேலியைத் திரும்பப் போடும்படி உத்தரவு ஏதும் வரவில்லை. கார் போய், கூட்டம் கலைந்த பிறகும் நாச்சிமுத்து கிணற்று மேட்டிலேயே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

“ஊட்டுக்குப் போகலீங்களா?” என்று கேட்டேன்.

“போய்ச் சாப்புட்டுப் படுத்தம்னா தூங்கிப்போயிருவன்டா” என்றார். “உச்சிக்கு அந்தப் புள்ளைக்கு எஞ்சினு கெளப்போணுமல்ல.”